அந்தப் பத்து கேள்விகளை அவரே படிக்கட்டும்

நியூ ஜெர்சியில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு அந்தத் தாள் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் முன் ஒரு தடவை, பிறகு டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு தடவை கொடுப்பார்கள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமே இல்லாமல் பயம் வந்ததா, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று பத்து கேள்விகள். 1987-ல் உருவான எடின்பரோ அளவுகோல் இது.

மாநில கவர்னராக இருந்த ரிச்சர்ட் கோடியின் மனைவி மேரி ஜோ கோடி, பிரசவத்துக்குப் பின் தனக்கு வந்த மன அழுத்தத்தை மறைக்காமல் பொதுவெளியில் பேசினார். 2006-ல் இந்தப் பரிசோதனையைச் சட்டமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் நியூ ஜெர்சிதான். கலிஃபோர்னியாவிலும் 2019 முதல் சட்டம் இருக்கிறது. டெக்ஸாஸ்காரர்கள் குழந்தையின் டாக்டரிடமே கேட்கலாம். 1, 2, 4, 6 மாத விசிட்களில் தாயையும் விசாரிக்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி.

சட்டம் தாளைக் கொடுக்கும். உண்மையான பதிலை யார் வாங்குவது? நம்ம வீடுகளில் அந்த நேரம் பக்கத்திலேயே அம்மாவோ மாமியாரோ உட்கார்ந்திருப்பார்கள். ஆறு மாத விசாவில் வந்து, பத்தியச் சமையல் செய்து, ராத்திரி கண் விழித்துப் பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்கள் எதிரில் 'அழுகையா வருது' என்று எந்தப் பெண் டிக் அடிப்பார்? 'நாங்கல்லாம் மூணு பெத்தோம்' என்ற பேச்சு வேறு வரும்.

முதல் இரண்டு வாரம் அழுகையும் எரிச்சலும் பலருக்கு வந்து போகும். அதைத் தாண்டியும் நீடித்தால் அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. வைத்தியம் இருக்கிற நோய். அமெரிக்காவில் சுமார் எட்டில் ஒரு தாய்க்கு இதன் அறிகுறிகள் வருகின்றன.

கணவர்மார்களே, உங்களுக்கு ஒரு சின்ன வேலைதான். தாள் வரும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு வெளியே போய்விடுங்கள். ஆங்கிலம் தடையென்றால் தமிழ் வடிவம் உண்டா என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியிடமே கேளுங்கள், மாமியாரை அந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

ராத்திரி 2 மணிக்கும் பேச ஆள் உண்டு: 1-833-852-6262, தாய்மார்களுக்கான தேசிய இலவச எண். மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் 911.

வளைகாப்புக்கு ஹால் பிடிக்கும்போதே இந்த எண்ணையும் போனில் சேர்த்து வையுங்கள்.