உங்களுக்குத் தெரியுமா? ஓர் அவை தாண்டினால் போதாது!

2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. தனிநபர் மசோதாக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பிற்பகல். மாநிலங்களவையில் தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதா, குரல் வாக்கெடுப்பில் ஒருமனதாக நிறைவேறியது. அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினரின் மசோதாவை நாடாளுமன்றத்தின் ஓர் அவை ஏற்றுக்கொண்டது, பல பத்தாண்டுகளில் அதுவே முதல் முறை!

ஆனாலும் அந்த மசோதா சட்டமாகவில்லை. சாதாரண மசோதா எந்த அவையில் தொடங்கினாலும், ஒரே வடிவில் இரண்டு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால்தான் சட்டம். சிவாவின் மசோதா மக்களவையைத் தாண்டவே இல்லை. பிறகு அரசே தனியாக ஒரு மசோதா கொண்டுவந்து, 2019-இல் சட்டமாக்கியது.

இரு அவைகளும் முரண்பட்டால்? குடியரசுத் தலைவர் கூட்டுக் கூட்டத்துக்கு அழைக்கலாம். இதுவரை மூன்றே முறைதான் அப்படிச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. முதலாவது, 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம். பண மசோதாவுக்கு இந்த வழி தேவையே இல்லை. மாநிலங்களவை அதை 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும், அதன் பரிந்துரைகளை மக்களவை ஏற்கலாம், தள்ளலாம். அரசியல் சட்டத் திருத்தம் மட்டும் வேறு கதை. அதற்குக் கூட்டுக் கூட்டமே கிடையாது. இரு அவைகளும் தனித்தனியாக நிறைவேற்றாவிட்டால், அந்த மசோதா அங்கேயே முடிந்தது.