மழலைக்கு யார் பதில் சொல்வது?

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன். 1980களின் பிற்பாதி. நெருக்கியடித்த ஏழைக் குடியிருப்பு ஒன்றுக்குள் சமூக சுகாதாரப் பணியாளர் ஒருவர் பையோடு நுழைகிறார். பைக்குள் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. குலுக்கினால் சத்தம் போடும் பழைய பிளாஸ்டிக் பாட்டில், கிழிந்த துணியில் தைத்த பொம்மை, கையால் செய்த படப்புத்தகம், இப்படிச் சில சாமான்கள்தான். ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் இருப்பார். அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு விளையாடுவார். கிளம்பும்போது பொம்மைகளை அங்கேயே விட்டுவிட்டுப் போவார். அடுத்த வாரம் வந்து அவற்றை எடுத்துக்கொண்டு வேறு பொம்மைகளைக் கொடுப்பார். இப்படியே இரண்டு வருடம்.

அந்தக் குழந்தைகளுக்கு 31 வயதானபோது ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப் பிடித்து, என்ன சம்பாதிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். அதே குடியிருப்புகளில் அதே நிலையில் பிறந்து, இந்த விளையாட்டு மட்டும் கிடைக்காமல் போனவர்களைவிட இவர்களுடைய மணிக்கூலி 43 சதவீதம் அதிகமாக இருந்தது. துணிப் பொம்மைக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்த ஆய்வைத் தொடங்கியவர் சாலி கிராந்தம்-மெக்கிரெகர். கிறிஸ்டீன் பவல், சூசன் வாக்கர் ஆகியோர் உடன் இருந்தார்கள். ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையிலான 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருக்கும் வளர்ச்சிக் குறுக்கம், அதாவது நீண்ட நாள் ஊட்டக்குறைவால் வயதுக்கேற்ற உயரம் வராத நிலை. குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ சத்துப் பால்மாவு, ஒரு குழுவுக்கு விளையாட்டு, ஒரு குழுவுக்கு இரண்டும். நான்காவது குழுவுக்கு இரண்டுமே இல்லை. இரண்டு ஆண்டு முடிவில் மாவும் பலன் தந்தது, விளையாட்டும் பலன் தந்தது. ஆனால் குழந்தைகளுக்குப் பதினோரு வயதானபோது மாவு தந்த முன்னேற்றம் தேடினாலும் தென்படவில்லை. விளையாட்டின் பலன் அப்படியே நின்றது. பதினேழு, பதினெட்டு வயதில் வாசிப்பிலும் அறிவுத்திறன் தேர்விலும் விளையாட்டுக் குழுவினர் முன்னால் நின்றார்கள். அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைவாக இருந்தன.

கொஞ்சம் கணக்குப் போட்டால் வியப்பு இன்னும் கூடும். வாரம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு வருடத்துக்கு 104 மணி நேரம். அந்த வயதுக் குழந்தை ஒரு நாளில் பத்து மணி நேரமாவது விழித்திருக்கும். இரண்டு வருடத்தில் அது 7,000 மணி நேரத்தைத் தாண்டும். பணியாளர் வந்து உட்கார்ந்திருந்தது அதில் நூற்றில் ஒன்றரைப் பங்குதான். இவ்வளவு சின்னப் பங்கு ஒரு வாழ்க்கையின் போக்கை மாற்றுமா? மாற்றாது. மாற்றியது மிச்சமிருந்த தொண்ணூற்று எட்டரைப் பங்கு. பணியாளருடைய உண்மையான மாணவி அம்மாதான். பணியாளர் செய்து காட்டுவார், பிறகு அம்மாவைச் செய்யச் சொல்வார், குழந்தையைப் பாராட்டுவதுபோல அம்மாவையும் பாராட்டுவார். அவர் கிளம்பிய பிறகு, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் அந்த வீட்டில் பேச்சும் விளையாட்டும் தொடர்ந்தன.

அந்தப் பேச்சு குழந்தையின் தலைக்குள் என்ன செய்கிறது? பிறக்கும்போது மூளையின் எடை பெரியவர் மூளையில் ஏறக்குறைய கால் பங்கு. இரண்டு வயதுக்குள் அது முக்கால் பங்கை எட்டிவிடும். இந்த ஆரம்ப ஆண்டுகளில் ஒரு நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிணைப்புகள் (ஒரு நரம்புச் செல் இன்னொன்றோடு பேசும் சந்திப்புகள்) முளைக்கின்றன. நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் ஒரு கைக்குழந்தையின் தலைக்குள் சில கோடி இணைப்புகள் உருவாகியிருக்கும். அத்தனையும் நிலைப்பதில்லை. பயன்படுவது தடிக்கும், பயன்படாதது உதிரும். இந்த உதிர்ப்புக்கு நரம்புக் கவாத்து என்று பெயர். எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்பதை, தன்னைச் சுற்றி நடப்பதைக் கொண்டே மூளை முடிவு செய்கிறது.

அது எப்படி முடிவு செய்கிறது என்பதைக் கனடாவில் ஜேனட் வெர்க்கர் 1980களில் படம்பிடித்ததுபோலக் காட்டினார். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி ஒலிகளைப் போட்டுக் காட்டினார். நமக்கு நன்கு பழகிய த, ட வேறுபாடுதான் அது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெரியவர்களின் காதுக்கு இரண்டும் ஒன்றேதான். 'த, த, த' என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒலி 'ட' என்று மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால், பக்கத்தில் ஒரு பொம்மை ஒளிர்ந்து ஆடும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் சட்டென்று திரும்பினார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. தங்கள் வீட்டில் யாரும் பயன்படுத்தாத வேறுபாட்டை, முதல் பிறந்த நாள் வருவதற்குள் மூளை கைகழுவிவிட்டது.

அப்படியென்றால் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் போதுமா? தொலைக்காட்சியை ஓடவிட்டால் ஆயிற்றா? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் இதைச் சோதித்து 2003இல் வெளியிட்டார். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீனமொழி பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து கதை படித்தார், பொம்மை காட்டினார். மொத்தம் பன்னிரண்டு அமர்வுகள், கூட்டினால் சுமார் ஐந்து மணி நேரம். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிவதில் தைவான் குழந்தைகளுக்கு இணையாக நின்றார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆள், அதே பேச்சு, அதே நேரம், ஆனால் திரையில். அவர்கள் கற்றுக்கொண்டது பூஜ்யம்.

திரைக்கு ஒரு வேலை மட்டும் தெரியாது. குழந்தை பார்த்தால் திருப்பிப் பார்க்காது, குழந்தை 'ங்கா' என்றால் நிறுத்திவிட்டுக் கேட்காது. இந்தத் திருப்பிக் கொடுத்தலைக் குழந்தை எவ்வளவு எதிர்பார்க்கிறது என்பதை எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் ஒரு எளிய சோதனையால் காட்டினார். அம்மா குழந்தையோடு வழக்கம்போலக் கொஞ்சி விளையாடுவார். பிறகு ஓரிரு நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் வெறுமனே பார்ப்பார். அடிப்பதில்லை, அதட்டுவதில்லை, எழுந்து போவதும் இல்லை. குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். பலிக்காது. கையை நீட்டும், குரல் கொடுக்கும். அப்போதும் பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பும், நெளியும், கடைசியில் அழும். பேசவே தெரியாத வயதில், பதில் வரவில்லை என்பது அதற்குத் தெரிந்துவிடுகிறது.

நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் இந்தப் பதிலை எண்ணியே பார்த்தார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரேச்சல் ரோமியோவின் குழு 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, மூளையையும் வருடிப் பார்த்தது. 2018இல் முடிவு வந்தது. எத்தனை சொற்கள் காதில் விழுந்தன என்பதைவிடப் பேச்சுமாற்று எத்தனை முறை நடந்தது என்பதோடுதான் மூளையின் மொழிப் பகுதியான புரோக்காவின் சுறுசுறுப்பு பொருந்தி வந்தது. பேச்சுமாற்று என்பது ஒருவர் பேசியதும் ஐந்து நொடிக்குள் மற்றவர் பதில் பேசுவது. "அம்மா, காக்கா!" என்கிறது குழந்தை. "ம்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. "ஆமாடா, வாயில என்னத்த கவ்விட்டுப் போகுது?" என்றால் இன்னும் நான்கு மாற்றாவது ஓடும். பெற்றோரின் வருமானமும் படிப்பும் எப்படி இருந்தாலும் இந்தப் பொருத்தம் மாறவில்லை. காக்காயைப் பற்றிப் பேசக் காசு வேண்டாம்.

பதில் சொல்வதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெய்ல் ராஸ் மூவரும் 21 மரத்துண்டுகளைப் பொருத்திப் பிரமிடு கட்டும் வேலையை மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் கொடுத்து, கற்றுத்தருபவர் எப்படி உதவுகிறார் என்று கவனித்தார்கள். இந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் சாரம். கட்டடம் எழும்பும்வரை நிற்கும், எழும்பியதும் பிரிக்கப்படும் அந்தச் சாரமேதான். பின்னாளில் வுட் இதை ஒரே விதிக்குள் அடக்கினார்: குழந்தை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டு, சரியாகச் செய்தால் ஒரு படி குறை. முதலில் சும்மா இரு, பிறகு வாயால் சொல், பிறகு விரலால் காட்டு, கடைசியாகச் செய்து காட்டு. கேட்க எளிது. நடைமுறையில், பெரியவர் கை முந்திக்கொண்டு போய்த் துண்டை எடுத்து வைத்துவிடும்.

அதே அவசரம் வகுப்பறையிலும் உண்டு. ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒலிப்பதிவுகளை வைத்து அளந்தார். சராசரி ஒரு நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியரே சொல்லிவிடுகிறார், இல்லாவிட்டால் அடுத்த மாணவரிடம் தாவுகிறார். அந்த ஒரு நொடியை மூன்று நொடியாக நீட்டச் சொன்னார். பதில்கள் பல மடங்கு நீண்டன, "தெரியாது" குறைந்தது, வாய் திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். புதிய பாடநூலும் இல்லை, கூடுதல் நிதியும் இல்லை. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியதோடு சரி.

நாற்பது பிள்ளைகள் நாற்பது படியில் நிற்கும்போது சாரத்தை எங்கே கட்டுவது? வயதை விட்டுவிட்டு, நிற்கும் படியைப் பார் என்பது பிரதம் அமைப்பு இந்தியாவில் வளர்த்தெடுத்த வழி. எழுத்தே தெரியாதவர் ஒரு குழு, சொல் படிப்பவர் ஒரு குழு, பத்தி படிப்பவர் ஒரு குழு. பொருளியல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் சோதித்துப் பார்த்துப் பலன் உண்டு என்று சொன்ன முறை இது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்ததும் இந்த எண்ணத்தில்தான். பெயரைக் கேட்டால் யார் முன், யார் பின் என்று ஏளனம் செய்யத் தோன்றாது.

கொரோனாவுக்குப் பிறகு வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். தமிழ்நாட்டின் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, பள்ளி திறந்த ஆறே மாதத்தில், மூடியிருந்தபோது இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாகவும், அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்ததாகவும் கண்டது.

அப்படியானால் சோறு முக்கியமில்லையா? ஜமைக்காவின் மாவை மட்டும் பார்த்து அப்படி முடிவு கட்டக்கூடாது. ஐந்து வயதையொட்டி, உடல் செலவிடும் மொத்த ஆற்றலில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் மூளையே இழுத்துக்கொள்கிறது. பத்து உருண்டை சோறு சாப்பிட்டால் நான்கு உருண்டைக்கு மேல் தலைக்குப் போகிறது. 1956இல் காமராஜர் ஆட்சியில் பரவலாகி, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவும், 2022இல் வந்த காலை உணவும் பாடத்தோடு சேர்ந்தவைதான். பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட சிறுமிகள் பின்னாளில் பெற்ற குழந்தைகள் உயரமாக வளர்ந்தார்கள் என்று இந்திய அளவிலான ஓர் ஆய்வு 2021இல் காட்டியது. தட்டில் விழுந்த சோறு ஒரு தலைமுறை தாண்டியும் வேலை செய்திருக்கிறது.

சோறும் பாடமும் ஒரே இடத்தில் சந்திப்பது அங்கன்வாடியில். அங்கே ஒரு பணியாளர் எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், பாட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 320 மையங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதியில் மட்டும் அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது, மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். இதுவரை எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது என்னவென்றால், வளர்ச்சிக் குறுக்கமும் கடும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன. புதியவர் பாடத்தைப் பார்த்துக்கொண்டதால் பழையவருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்தது.

கிங்ஸ்டனில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தார். அங்கன்வாடியில் பணியாளருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றார். இரண்டு இடத்திலும் குழந்தையைத் தூக்கிவிட்ட வழி ஒன்றுதான்: குழந்தைக்குப் பதில் சொல்பவரின் கையைக் கொஞ்சம் லேசாக்கியது. காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பும் அம்மாவிடம் "பிள்ளையோடு பேசுங்கள்" என்று புத்தி சொல்வதில் பாதி பயன்கூட இருக்காது. அவருக்கு நேரமும் தெம்பும் கிடைக்க வழி செய்யாமல் சொல்லும் அறிவுரை, பழியைத்தான் கொண்டுபோய் அவர் தலையில் வைக்கும்.

இது கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கு ஒடிசா கிராமங்கள் பதில் வைத்திருக்கின்றன. ஜமைக்கா முறையை அங்கே இரண்டு விதமாகச் செய்து பார்த்தார்கள். ஒன்று வீடு வீடாகப் போவது, இன்னொன்று அம்மாக்களையும் குழந்தைகளையும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூட்டி உட்காரவைப்பது. கூட்டமாகச் செய்ததில் செலவு வெகுவாகக் குறைந்தது, பலன் வீட்டுக்குப் போனதற்குச் சளைக்கவில்லை. மகளிர் குழுக்கள் வாரந்தோறும் கூடும் ஊர்களில் இதற்குத் தனியாக ஓர் இடம் தேட வேண்டியதில்லை.