ஆலை வாசல் அடுப்புகள் – 9: பர்கர் கேட்டவருக்கு ரொட்டி ஜான்

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் பிரான்ஸ் நாட்டு மிஷெலின் நிறுவனம் டயர் தயாரிக்கிறது. உணவுப் பிரியர்களுக்கு அந்தப் பெயர் வேறு விதத்தில் பழக்கம். 1900இல் ஆந்த்ரே, எதுவார் மிஷெலின் சகோதரர்கள் ஒரு கையேடு அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிரான்ஸ் முழுவதிலும் ஓடிய கார்கள் 3,000ஐக்கூடத் தொடவில்லை. காரை வைத்திருப்பவர் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்? பெட்ரோல் எங்கே கிடைக்கும், வண்டியை எங்கே பழுது பார்க்கலாம், எங்கே தங்கிச் சாப்பிடலாம் என்று அந்தக் கையேடு வழிகாட்டியது. 1926 முதல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரமும் கொடுத்தது.

சரியாக 90 ஆண்டுகள் கழித்து, 2016இல், சிங்கப்பூருக்கான முதல் பதிப்பு வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நட்சத்திரம் வாங்கியவற்றில் இரண்டு, மிகச் சிறிய கடைகள். அதில் ஒன்று, சைனாடவுன் வளாகத்தில் சான் ஹொன் மெங் நடத்திய சோயா சாஸ் கோழிக் கடை. அப்போது அங்கே ஒரு தட்டு கோழிச் சோற்றின் விலை ஏறக்குறைய 2 சிங்கப்பூர் வெள்ளியாக இருந்தது.

சென்ற வாரம் இரவு ஷிப்டு பரோட்டாக் கடைகளில் நின்ற இந்தத் தொடர், இந்த வாரம் கடல் கடக்கிறது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ஆலைகளிலிருந்து பயிற்சிக்கோ வேலைக்கோ வெளிநாடு போகிறவர்கள், அங்கே என்ன கிடைக்குமோ என்ற கவலையில் முதலில் தேடுவது தெரிந்த பெயர்ப்பலகையைத்தான். பெரும்பாலும் அது ஒரு பர்கர் கடையாக இருக்கும். ஆனால், பர்கரை உண்மையாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஏற வேண்டிய படி, தெருமுனைச் சின்னக் கடையின் படி.

ஏனென்றால், பர்கர் வளர்ந்ததே உழைப்பவர்களின் நடுவில். 1872இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் உணவு வைத்து இரவு வேலைக்காரர்களுக்கு விற்றார். உணவகங்கள் கதவடைத்த பிறகு பசியோடு வெளியே வருகிறவர்களுக்கு அந்த வண்டிதான் கதி. விரைவில் பல தொழில் நகரங்களில் இத்தகைய வண்டிகள் நின்றன. நின்றபடியே, ஒரு கையால் பிடித்து, சில நிமிடங்களில் சாப்பிட்டு முடிக்கும் பண்டம் அவற்றுக்குத் தேவைப்பட்டது. கொத்துக்கறியைத் தட்டிச் சுட்டு ரொட்டிக்குள் வைப்பது அந்தத் தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. 1921இல் விசிட்டா நகரில் ‘ஒயிட் காசில்’ தொடங்கியபோது ஒரு பர்கர் 5 சென்ட்.

இந்தியாவுக்கு அது வேறு கோலத்தில் வந்தது. 1996 அக்டோபரில் டெல்லி வசந்த் விஹாரில் மெக்டொனால்ட்ஸ் முதல் கடையைத் திறந்தது. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாத பட்டியல், குளிரூட்டிய கூடம், குடும்பத்தோடு வரும் கூட்டம். கூலிக்காரர் சாப்பாடாக இருந்த பண்டம் இங்கே விசேஷ நாள் சாப்பாடாகிவிட்டது.

மலேசியாவில் அது தெருவிலேயே நிற்கிறது. இறைச்சி வியாபாரத்தில் இருந்த ராம்லி மொக்னி, ஹலால் பர்கர் வேண்டும் என்று 1979இல் தொழில் தொடங்கினார். இன்று மாலையானால் கோலாலம்பூர்ச் சாலையோரங்களில் ராம்லி பர்கர் வண்டிகளின் கல் சூடேறுகிறது. இறைச்சி வட்டைக் குறுக்கே கீறி விரித்து, மிளகுத்தூளும் சாஸும் தூவி வாட்டுகிறார்கள். பக்கத்திலேயே முட்டையை மெல்லியதாகப் பரப்பி, வெந்த இறைச்சியை அதற்குள் மடித்து, கோஸும் மயோனைஸும் சேர்த்து பன்னுக்குள் வைக்கிறார்கள். ‘ஸ்பெஷல்’ என்று கேட்டால்தான் இந்த முட்டைப் போர்வை. கோழி வேண்டுவோர் ‘ஆயாம்’ என்றும், மாட்டிறைச்சி வேண்டுவோர் ‘டாகிங்’ என்றும் சொல்ல வேண்டும். முட்டை மட்டும் போதும் என்பவர்களுக்கு ‘பென்ஜோ’ இருக்கிறது.

சிங்கப்பூரில் இந்தக் கதைக்கு இந்தியக் கை ஒன்று உண்டு. தீவின் வடகோடியில் உள்ள செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்தது. அதன் பெரிய கப்பல் பழுதுபார்ப்புத் துறை 1938இல் திறக்கப்பட்டது. மலையாளிகளும் தமிழர்களும் அங்கே ஏராளமாக வேலை பார்த்தார்கள். 1960களில் வெள்ளைக்காரர் ஒருவர் அந்தப் பக்கத்துக் கடையில் பர்கர் கேட்டாராம். இந்தியரான கடைக்காரரிடம் பர்கர் இல்லை. நீள ரொட்டியும் ஆட்டுக் கொத்துக்கறியும் வெங்காயமும் முட்டையும் இருந்தன. எல்லாவற்றையும் கலந்து ரொட்டியில் பூசி, கல்லில் கவிழ்த்துப் போட்டுக் கொடுத்தார். ரொட்டி ஜான் பிறந்த கதையாக இதைத்தான் சிங்கப்பூரில் சொல்கிறார்கள். 1971இல் பிரிட்டிஷ் படை வெளியேறியது. ரொட்டி ஜான் தங்கிவிட்டது. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துப் பக்கம் பிரெட் ஆம்லெட் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அது அந்நியமாகவே தெரியாது.

சிங்கப்பூர்க் கடைகள் இன்றைய நிலைக்குத் தானாக வந்துவிடவில்லை. 1968–69இல் அந்நாட்டு அரசு தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தது. சுமார் 18,000 பேர். 1971 முதல் 1986 வரை, குழாய் நீரும் கழிவுநீர் வடிகாலும் மின்சாரமும் கொண்ட உணவங்காடி நிலையங்களைக் கட்டி அவர்களைப் படிப்படியாகக் குடியேற்றியது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நட்சத்திரம் வாங்கிய கோழிக் கடைக்குக் கீழே இத்தனை ஆண்டுக் குழாயும் வடிகாலும் இருக்கின்றன.

நம் ஆலை வாசல்களின் நிலை என்ன? காலை ஷிப்டுக்கு முன் இட்லியும் பொங்கலும், நள்ளிரவில் முட்டை சோறும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு ரொட்டியும் சப்ஜியும் சமைக்கிறவர்கள் தண்ணீரைக் குடத்திலும் கேனிலும் சுமக்கிறார்கள். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் நல்ல சட்டம். அதன்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. ஆனால் அது நகரங்களுக்கானது. தேர்வாய்கண்டிகை போன்ற ஊராட்சிகளின் ஆலை வாசலில் அடுப்பு மூட்டுகிறவருக்கு அதன் பாதுகாப்பு எட்டவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் காணும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். குடிநீரும் துப்புரவும் அந்தப் பணிகளின் பட்டியலிலேயே இருக்கின்றன. ஆலைகளும் சிப்காட்டும் ஊராட்சியும் சேர்ந்தால் வாசலுக்கு ஒரு குழாய், ஒரு வடிகால், ஒரு கூரை, ஒரு விளக்கு என்று இந்த ஆண்டே தொடங்கலாம்.

அடுத்த வாரம்: செம்பவாங் கப்பல் பட்டறைத் தொழிலாளர்களின் பொட்டலச் சாப்பாடு.

(தொடரும்)