உயில் எழுத வழக்கறிஞர் தேவையா? சட்டம் சொல்வது என்ன?

ரேணிகுண்டா: உயில் எழுதுவதற்கு வழக்கறிஞரையோ பத்திர எழுத்தரையோ நாட வேண்டும் என எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. எனினும், எழுதியவர் மறைந்த பின்னர் உயிலை மெய்ப்பிப்பது எளிதல்ல என்பதால், சில சூழல்களில் சட்ட ஆலோசனை அவசியமாகிறது.

ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பகுதியில் உள்ள ரயில் சந்திப்பு ஊர் ரேணிகுண்டா. இத்தகைய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், இங்கு வீடும் தமிழகத்தில் பூர்விக நிலமும் வைத்திருப்போருக்கு இக்கேள்வி கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

அடிப்படை விதிகள்

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் உயில் எழுதலாம். வெள்ளைத்தாளே போதும்; முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதியவர் கையொப்பமிடுவதையோ கைநாட்டு வைப்பதையோ நேரில் கண்ட, அல்லது அது தமது கையொப்பமே என அவர் கூறக் கேட்ட இருவராவது, அவர் முன்னிலையில் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். இஸ்லாமியர்களுக்கு அவர்களது தனிச்சட்டம் பொருந்தும்.

உயில் இல்லாவிடில், வாரிசுகள் யார் என்பதைச் சட்டமே தீர்மானிக்கும். தமிழக முன்னாள் முதல்வர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று காலமானார். அவரது சகோதரரின் பிள்ளைகளான தீபா, தீபக் ஆகியோரைச் சட்டப்பூர்வ வாரிசுகளாகச் சென்னை உயர் நீதிமன்றம் அறிவித்தது 2020 மே மாதத்தில்தான்.

பதிவு செய்தால் போதுமா?

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, உயிலைப் பதிவு செய்வது கட்டாயமல்ல. பதிவு செய்யப்பட்ட உயிலாக இருந்தாலும், வழக்கு எழுந்தால், சாட்சிகளுள் உயிருடன் உள்ள ஒருவரையேனும் நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும். ஆகவே, எழுதுபவரைவிட வயதில் இளைய, உயிலால் பயன்பெறாத இருவரைச் சாட்சிகளாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்றும் வழிகாட்டியாக உள்ளது. உயிலால் பெரும்பயன் அடைபவரே அதைத் தயாரிப்பதில் முன்னின்றால், அது சந்தேகத்துக்குரிய சூழல் எனவும், அச்சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருக்கே உரியது எனவும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

மொழிச் சிக்கல்

உயிலை எம்மொழியிலும் எழுதலாம். ஆனால், பதிவு அலுவலர் அறியாத, அம்மாவட்டத்தில் பொதுவாக வழங்காத மொழியில் ஆவணம் இருந்தால், வழக்கிலுள்ள மொழியில் சரியான மொழிபெயர்ப்பும் உண்மை நகலும் இணைக்கப்பட வேண்டும் எனப் பதிவுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு கூறுகிறது. தெலுங்கு படிக்கத் தெரியாதவர் தெலுங்கு உயிலில் கையொப்பமிட்டால், உள்ளடக்கத்தை அறிந்தே கையொப்பமிட்டாரா என்ற கேள்வி பின்னாளில் எழக்கூடும். அவருக்கு உயில் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது என்ற குறிப்பைச் சாட்சிகள் முன்னிலையில் சேர்ப்பது பயனளிக்கும்.

எப்போது ஆலோசனை தேவை?

தாமே ஈட்டிய சொத்தை மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ பிரித்தளிக்கும் எளிய உயிலை ஒருவர் தாமாகவே எழுதிவிடலாம். பூர்விகச் சொத்து இருந்தால் நிலைமை வேறு. 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டப்படி மகள்களுக்கும் அதில் பிறப்பால் சமபங்கு உண்டு. தந்தை தமது பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். வாரிசு ஒருவரை விலக்க நினைப்போர், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஏற்பாடு செய்வோர், இரு மாநிலங்களில் சொத்துள்ளோர் ஆகியோரும் வழக்கறிஞரை அணுகுவது நலம்.

கட்டணம் செலுத்த இயலாதோருக்கும் வழி உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். இதற்கான தேசிய உதவி எண் 15100.

உயிலை வாழ்நாளில் எத்தனை முறையும் மாற்றலாம். முறைப்படி இறுதியாக எழுதப்பட்டதே செல்லும். உயிலை முத்திரையிட்ட உறையில் வைத்து, மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் பதிவுச் சட்டம் வழிவகை செய்கிறது.