வலி நின்றதும் ஆடலாமா?
முழங்கால் தசைநார் காயமும் கால்பந்துக்குத் திரும்பும் வழியும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பள்ளி மைதானங்களும் ஊர்ப் பொட்டல்களுமே பெரும்பாலான இளைஞர்களுக்குக் கால்பந்துக் களங்கள். கோடையில் இறுகி வெடிக்கும் கரிசல் மண்ணில், வேகமாக ஓடிவருபவர் சட்டெனத் திரும்பும்போது, பாதம் நிலத்தில் ஊன்றியிருக்க முழங்கால் மட்டும் முறுக்கிக்கொள்வதுண்டு. எவரும் மோதாமலேயே நேரும் காயம் இது. ‘டப்’ என்ற ஓசை, சில மணி நேரத்திற்குள் வீக்கம், நடக்கையில் கால் நழுவுவது போன்ற உணர்வு ஆகியன இருந்தால், முன்சிலுவைத் தசைநார் கிழிந்திருக்கக்கூடும் என நாங்கள் ஐயுறுவோம். மக்கள் வழக்கில் இதனை ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்பர்.

இத்தகைய காயம் பட்டவுடன் ஆட்டத்தை நிறுத்துதல் வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வைத்து, விரைவில் மருத்துவரிடம் காட்டுதல் நன்று. எண்ணெய் தடவி அழுத்தி நீவுவதால் வீக்கம் மிகலாம். எக்ஸ்ரே எலும்பு முறிவைக் காட்டுமேயன்றித் தசைநாரைக் காட்டாது. ஆகவே ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்பதோடு நின்றுவிடலாகாது. மருத்துவரின் கைப் பரிசோதனையும், தேவையெனில் எம்.ஆர்.ஐ. படமும் உண்மையை உணர்த்தும்.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஆயினும், திரும்பித் திரும்பி ஓட வேண்டிய கால்பந்துக்கு மீள விரும்புவோர்க்குப் பெரும்பாலும் தசைநார் மறுசீரமைப்பைப் பரிந்துரைக்கிறோம். நோயாளியின் உடலிலிருந்தே எடுத்த நாண் ஒன்றைக் கிழிந்த தசைநாரின் இடத்தில் பொருத்துவதே இச்சிகிச்சை.

குடும்பத்தார் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பொருத்திய நாண் முதல் சில மாதங்களில் வலுக்கூடுவதற்கு மாறாக, வலுக்குன்றுகிறது. புதிய இரத்த ஓட்டம் பெற்று, தசைநாராக மெல்ல உருமாறிய பின்னரே உறுதி அடைகிறது. ஆனால் வலியும் வீக்கமும் அதற்கு முன்பே மறைந்துவிடுகின்றன. மூன்று நான்கு மாதங்களில் இளைஞர் இயல்பாக நடக்கிறார். ‘எனக்குச் சரியாகிவிட்டது’ என்கிறார். வலியின்மை குணமடைந்ததற்குச் சான்றன்று.

2016ஆம் ஆண்டு நார்வே ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கிற்று. ஆட்டத்திற்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்திற்கும் மறுகாய வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தகுதிச் சோதனைகளில் தேறாமல் திரும்பியவர்களுள் நூற்றுக்கு 38 பேர் மீண்டும் முழங்காலில் காயமுற்றனர். தேறியவர்களுள் நூற்றுக்கு 6 பேரே அவ்வாறு காயமுற்றனர்.

இந்தியத் தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கனுக்கு 2019 அக்டோபரில் இத்தசைநார் கிழிந்தது. அவர் அந்த ஐ.எஸ்.எல். பருவம் முழுவதும் ஆடவில்லை. 2020 நவம்பரில் களம் திரும்பி, 2020–21க்கான அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். ஒரு பருவத்தை இழந்தும் அவர் தம் விளையாட்டை இழக்கவில்லை.

மீட்சிப் படிகள் பொதுவாக இவ்வாறு அமையும். முதல் இரு வாரங்களில் வீக்கத்தைக் குறைத்தலும், முழங்காலை முழுமையாக நீட்டுதலும், முன்தொடைத் தசையை இயக்குதலும் நடைபெறும். பின்னர் நடையும் தசை வலிமையும் சீராகும். மூன்று, நான்கு மாதங்களுக்குப் பின் வீக்கமின்றி இருப்பின் நேர்க்கோட்டில் மெல்லோட்டம் தொடங்கும். தாவுதல், திரும்புதல், பந்தோடு தனிப்பயிற்சி, மோதலுடன் கூடிய குழுப்பயிற்சி ஆகியன அதன்பின் ஒவ்வொன்றாக வரும். போட்டி ஆட்டம் ஒன்பது மாதங்களுக்கு முன் வேண்டாம். உடன் வேறு காயங்கள் இருப்பின் இக்காலம் மாறும். உங்கள் மருத்துவர் வகுக்கும் அட்டவணையே இறுதியானது.

மாதங்கள் கடந்தால் மட்டும் போதாது. காயமுற்ற காலின் தொடைத் தசை வலிமையும் ஒற்றைக்கால் தாவும் தூரமும் மறுகாலோடு ஒப்பிட 90 விழுக்காடாவது இருத்தல் வேண்டும். காலின் மீது நம்பிக்கையும் திரும்பியிருத்தல் வேண்டும். மீண்டும் கிழியுமோ என்ற அச்சம் இயல்பானதே. அதனை மறைக்காமல் இயன்முறை மருத்துவரிடம் கூறுங்கள்.

இக்காலத்தில் குடும்பத்தாரின் துணை பெரிது. தரையில் சம்மணமிடுதல், குந்தும் கழிப்பறை, மோட்டார் சைக்கிளைக் காலால் உதைத்து இயக்குதல் ஆகியவற்றை எப்போது தொடங்கலாம் எனக் கேட்டறிந்து நடந்துகொள்ளுங்கள். பேருந்துப் பயணம் கடினமாயின் வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செலவு குறித்த கவலை இருப்பின், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

திரும்பிய பின்னும் காப்பு தேவை. ஃபிஃபா 11+ எனும் உடற்சூட்டுப் பயிற்சி மூன்று பகுதிகளும் 15 பயிற்சிகளும் கொண்டது. 20 நிமிடத்தில் முடியும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வாரம் இருமுறையேனும் செய்யும் அணிகளில் காயங்கள் குறைகின்றன. இத்தசைநார் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு நேரும் வாய்ப்பு அதிகமாதலால், மாணவியர் அணிகளின் பயிற்றுநர்கள் இதனைத் தவறாது மேற்கொள்ளுதல் நலம். ஆடுமுன் மைதானத்தின் வெடிப்புகளையும் குழிகளையும் மண்ணிட்டு நிரப்புவதும் நலமே.

ஆகஸ்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்க்குப் பொங்கல் போட்டி ஐந்தாம் மாதத்திலேயே வந்துவிடும். நண்பர்கள் அழைப்பர், காலும் இணங்குவது போலத் தோன்றும். அவ்வாண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று அணியை ஊக்குவியுங்கள். அடுத்த பொங்கலுக்குள், சோதனைகளில் தேறி, களத்திலேயே நிற்கலாம்.