பத்து டாலர் கொடுத்தால்தான் அந்தப் பாட்டு!

வானொலியில் விருப்பப் பாடல் நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. அழைக்கும் நேயர்களில் பாதிப் பேர் கேட்பது அதே நான்கைந்து பாட்டுகளைத்தான். முகம் சுளிக்க முடியுமா? "இதோ, உங்களுக்காக!" என்று சிரித்த குரலில் போட்டுவிடுவோம்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். அங்கே செயின்ட் பீட்டர் தெருவில் 'பிரிசர்வேஷன் ஹால்' என்ற சின்ன ஜாஸ் அரங்கம் இருக்கிறது. அதில் ஓர் அறிவிப்புப் பலகை பிரபலம். ஒரு காலத்தில் அதில் எழுதியிருந்த விலை இது: மரபான ஜாஸ் பாட்டு வேண்டுமென்றால் 2 டாலர். மற்ற பாட்டுகளுக்கு 5. சுற்றுப்பயணிகள் எல்லாரும் கேட்கும் 'வென் தி செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்' பாட்டுக்கு மட்டும் 10!

பிரிசர்வேஷன் என்றால் பாதுகாத்தல். பெயரைக் கேட்டால் அரும்பொருளகம் போலத் தோன்றும். அப்படிச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் எதுவும் அடுக்கி வைக்கப்படவில்லை. சில பெஞ்சுகள், தரையில் மெத்தைத் துண்டுகள். மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். குடிக்க எதுவும் விற்பதில்லை. ஒலிவாங்கியும் கிடையாது. டிராம்போன் உங்கள் முழங்காலில் இடிக்கும் தூரத்தில் வாசிப்பார்கள்.

1950களில் இது லேரி போரன்ஸ்டைன் என்பவரின் ஓவியக் கடை. கடையை விட்டுவிட்டு இசை கேட்கப் போக முடியாததால், அவர் இசைக்கலைஞர்களைக் கடைக்கே வரவழைத்தார். வந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். ராக் அண்ட் ரோல் வந்தபின் அவர்களை அழைக்க ஆள் குறைந்திருந்தது.

மெக்சிகோவுக்குத் தேனிலவு போய்விட்டுத் திரும்பும் வழியில் இங்கே வந்த ஆலன் ஜாஃபி, சான்ட்ரா தம்பதியர் இந்த இசையில் சொக்கிப்போனார்கள். பென்சில்வேனியாக்காரர்கள், இருபதுகளில் இருந்தவர்கள். 1961இல் அரங்கத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். ஆலன் டியூபா வாசிப்பார். உடம்பைச் சுற்றிக்கொள்ளும் பெரிய பித்தளைக் குழல் அது. சான்ட்ரா வாசலில் கூடையுடன் உட்கார்ந்து காசு வாங்குவார்.

கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியே இருக்க வேண்டும் என்று லூயிசியானா சட்டம் சொன்ன காலம் அது. இந்த அரங்கில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இதற்காகவே இந்தக் குடும்பத்துக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்.

அங்கே வாசித்தவர்களில் எனக்குப் பிடித்தவர் பியானோ கலைஞர் 'ஸ்வீட்' எம்மா பாரெட். காலில் மணி கட்டிக்கொண்டு வாசிப்பவர். 1967இல் பக்கவாதம் வந்து இடக்கை விழுந்துவிட்டது. வலக்கையால் மட்டும் தொடர்ந்து வாசித்தார்.

1987இல் ஆலன் இறந்தபோது வயது 51. மகன் பென்னுக்கு அப்போது பதினாறு. கல்லூரியில் இசை படித்துவிட்டு 1993இல் பென் ஊர் திரும்பி, அப்பா விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார். அவரும் டியூபாதான்; பாஸும் வாசிப்பார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். பழைய கலைஞர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாசித்ததையே அப்படியே வாசித்துக்கொண்டிருந்தால் போதுமா? 2013இல் 'தட்ஸ் இட்!' என்ற தொகுப்பு வந்தது. அந்தக் குழு முழுக்க முழுக்கச் சொந்தப் பாடல்களோடு வெளியிட்ட முதல் தொகுப்பு. பெயரிலேயே பாதுகாத்தல் என்று வைத்துக்கொண்டு புதுப்பாட்டா என்று கேட்கலாம். எனக்கு அது சரியென்றே படுகிறது. அந்த முதியவர்கள் எதையும் பாதுகாக்க வாசிக்கவில்லை. அது அவர்கள் தொழில். நேற்று வாசித்த பாட்டையே இன்று வேறு மாதிரி வாசித்தார்கள்.

2005இல் கத்ரீனா சூறாவளி அரங்கை மூட வைத்தது. 2020 மார்ச்சில் கொவிட் மீண்டும் மூட வைத்தது. இரண்டாவது முறை கதவு திறக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. 2021 கடைசியில் சான்ட்ராவும் காலமானார்.

அந்த ஊரடங்கு நாள்களில் குழுவின் மூத்தவர் சார்லி கேப்ரியல், பென் வீட்டுச் சமையலறையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். நான்காம் தலைமுறை ஜாஸ் கலைஞர், 1932இல் பிறந்தவர். ஆட்டத்துக்கு நடுவே சாக்சபோனை எடுத்து வாசிக்க, அதையும் பதிவுசெய்தார்கள். அது 2022இல் தொகுப்பாக வந்தது. அவர் பெயரில் தனியாக வந்த முதல் தொகுப்பு அதுதான். தலைப்பு, அவருடைய வயது: '89'.

இசைச் செயலிகளில் தேடினால் கிடைக்கும். பத்து டாலர் கேட்க மாட்டார்கள்.