ஆறு மில்லிமீட்டரில் முடங்கும் மிதிவண்டி

வீவக புளோக்குகளின் கீழே மிதிவண்டி நிறுத்துமிடங்களைக் கவனித்திருக்கிறீர்களா? துருப்பிடித்த சங்கிலியும் காற்றிறங்கிய டயருமாகச் சில வண்டிகள் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். எல்லாமே சோம்பலால் கைவிடப்பட்டவை அல்ல. ஒரேயொரு பாகம் கிடைக்காமல்கூட நல்ல வண்டி முடங்கலாம்.

என்னுடன் படிக்கும் நண்பரின் பழைய மலை மிதிவண்டியில் பின்சக்கர ஹப் தேய்ந்துபோனது. அவரது சட்டகத்தின் அளவு 142 மில்லிமீட்டர். நாங்கள் சென்ற கடையில் இருந்த ஹப்களோ 148. வித்தியாசம் ஆறு மில்லிமீட்டர்தான். ஆனால் பொருந்தாது. பயன்படுத்திய சக்கரம் ஒன்றைத் தேடிப் பிடிக்க இரண்டு வாரமானது.

அதற்கு முன்பு 135 மில்லிமீட்டர் அளவே பரவலாக இருந்தது. 142க்குப் பிறகு, 2014ஆம் ஆண்டு வாக்கில் 148 வந்தது. இந்த மாற்றத்துக்குக் காரணம் உண்டு. ஹப் அகலமானால் ஸ்போக்ஸ் கம்பிகள் விரிந்து நிற்கும். 29 அங்குலச் சக்கரம் உறுதிபெறும். புதிய வண்டி வாங்குபவருக்கு இது நன்மை. பழைய வண்டி வைத்திருப்பவருக்கோ கடையில் தெரிவு குறைகிறது.

எல்லா மாற்றமும் நிலைப்பதில்லை. கிராங்க் அச்சைத் தாங்கும் பேரிங்குகள் முன்பு மரையில் திருகிப் பொருத்தப்பட்டன. பிறகு அழுத்திச் செருகும் முறை பல அளவுகளில் வந்தது. மிதிக்கும்போது கிரீச்சென்று சத்தம் வருவதாகப் பலர் குறைகூறினர். இப்போது சில நிறுவனங்கள் மரைக்கே திரும்பிவிட்டன. இடையில் வாங்கியவர்களிடம் அந்த இடைக்கால அளவுகள் தங்கிவிட்டன.

மிதிவண்டிப் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 4210 எனும் அனைத்துலகத் தரநிலை இருக்கிறது. சட்டகம் முறியாமல் தாங்குமா, பிரேக் பிடிக்குமா என்பதை அது பார்க்கிறது. பத்தாண்டு கழித்துப் பாகம் கிடைக்குமா என்பது அதன் வேலையல்ல.

பொது அளவு சாத்தியமே என்பதற்கு டயரே சான்று. அதன் பக்கவாட்டில் 37-622 போன்ற எண்ணைப் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம். அடுத்தது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். ‘29 அங்குலம்’, ‘700சி’ எனப் பெயர்கள் வேறானாலும் இரண்டும் 622தான். ‘26 அங்குலம்’ என்ற ஒரே பெயரிலோ 559, 590 எனப் பல அளவுகள் உள்ளன. பெயரைவிட எண்ணை நம்பலாம்.

இன்னொரு நல்ல முயற்சியும் உண்டு. பின் கியர் மாற்றியைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு, வண்டி விழுந்தால் முதலில் வளையும். ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒவ்வொரு வடிவம் என்றிருந்த நிலையில், 2019ல் ஸ்ராம் நிறுவனம் யுடிஎச் எனும் பொது வடிவத்தை அறிமுகப்படுத்தி, மற்ற தயாரிப்பாளர்களும் பயன்படுத்த வழிவிட்டது.

மாணவர்களான நமக்கு மிதிவண்டி மலிவான போக்குவரத்து. அது மலிவாகவே இருக்க வேண்டுமானால், வாங்கும்போது விலையோடு மூன்று கேள்விகளையும் கேட்போம்: ஹப் அகலம் என்ன? கிராங்க் பேரிங் மரையில் பொருந்துமா? கியர் மாற்றியின் தாங்கி வேறு கடையிலும் கிடைக்குமா? பதில் தெரியாத கடைக்காரரிடம் நாளை பாகமும் இருக்காது.